நீல நைட்ரைலும் லேமினேட்டும்: க்யூசி லேபில் சில வருட அனுபவம்

ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் ஒரு க்யூசி (தரக் கட்டுப்பாடு) லேபில் வேலை. ஷிஃப்ட் முழுக்கக் கையில் கிடப்பது நூறு எண்ணம் உள்ள பெட்டியில் வரும் மெல்லிய நீல நைட்ரைல் (ஒரு செயற்கை ரப்பர்) க்ளவுஸ்தான். லேமினேட் க்ளவுஸையும் பியூட்டைல் ரப்பர் க்ளவுஸையும்கூட வருஷக்கணக்கில் போட்டுப் பார்த்தாயிற்று. லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். விலையை மட்டும் பார்க்கும் பர்ச்சேஸ்காரர்களும் படித்தால் சந்தோஷம்.

அன்றாட வேலைக்கு நைட்ரைல் நன்றாகவே உழைக்கிறது. மாத்திரைப் பொடியை எடை போடலாம், பஃபர் கரைசல் கலக்கலாம், வயல் (சின்னக் குப்பி) மூடியைத் திருகும்போது விரல் நுனியில் உணர்வும் இருக்கும். ஏசி லேபிலும் உள்ளே வியர்ப்பதுதான் தொல்லை. ஈரக்கையில் புதுசை ஏற்றினால் மணிக்கட்டில் கிழிந்துவிடும். ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் விரல் நுனியில் தொங்கும் ரப்பர் பிபெட்டில் மாட்டுகிறது.

நைட்ரைலின் சாயம் வெளுப்பது எம்டிசியிடம், அதாவது டைகுளோரோமீத்தேனிடம். டிஎல்சி எனும் கலவையைப் பிரித்துப் பார்க்கும் சோதனைக்குக் கரைப்பான் கலக்கும்போது ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் உப்பிச் சுருங்கும், விரல் ஜில்லிடும். கொஞ்ச நேரத்தில் தோல் எரிய ஆரம்பித்தால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். க்ளவுஸில் ஓட்டை எதுவும் இருக்காது; ரப்பரின் மூலக்கூறுகளுக்கு ஊடாகவே கரைப்பான் கடந்துவிடும். சொட்டு விழுந்ததுமே கழற்றி எறிய வேண்டும், துடைத்துவிட்டு வேலையைத் தொடரக் கூடாது.

க்ளவுஸ் போட்டிருந்தும் உயிர் போன கதை உண்டு. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் க்ளவுஸ் மேல் 1996-ல் டைமெத்தில்மெர்க்குரி என்ற கொடிய பாதரச நஞ்சு சில துளிகள் சிந்தின. 1997 ஜூனில் இறந்துபோனார். அன்றைய நடைமுறைப்படிதான் வேலை செய்திருந்தார். பின்னால் சோதித்ததில் அந்த நஞ்சு லேடெக்ஸைச் சில விநாடிகளிலேயே கடந்தது.

ஆகவே பெட்டியில் இஎன் 374 (கெமிக்கல் க்ளவுஸுக்கான ஐரோப்பியத் தரம்) குறிக்குக் கீழே உள்ள எழுத்துகளைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஒரு கெமிக்கல்: ஏ மெத்தனால், சி அசிட்டோநைட்ரைல், எஃப் டொலுயின். எங்கள் பெட்டியில் இருந்தவை காஸ்டிக் சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றுக்கான எழுத்துகள். மருந்தைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் தினமும் ஓடும் அசிட்டோநைட்ரைலுக்கான சி இல்லவே இல்லை! மூன்று கெமிக்கலுக்குத் தலா 30 நிமிடம் தாங்கினாலே ‘டைப் பி’ என்று போட்டுக்கொள்ளலாம். அந்த மூன்றில் உங்களுடையது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எம்டிசிக்கு இப்போது பல அடுக்கு பிளாஸ்டிக் படலத்தாலான லேமினேட். பார்க்க பாலித்தீன் பைதான், சரசரக்கும், கையோடு ஒட்டாது. மேலே ஒரு நைட்ரைலை இழுத்துவிட்டால் ஓரளவு படிகிறது. நுண்ணிய வேலைக்கு அப்போதும் சிரமம்தான். கண்ணாடி விளிம்பு பட்டால் கிழியும். ஆனால் எம்டிசி விஷயத்தில் இதுவரை ஏமாற்றவில்லை. ஹெட்ஸ்பேஸ் (குப்பியில் எழும் ஆவியைச் சோதிக்கும் முறை) வேலைக்கு டிஎம்எஃப், அதாவது டைமெத்தில்ஃபார்மமைடு, பாட்டில் மாற்றும்போது பியூட்டைல். தோல் வழியாகவே ஏறி ஈரலைப் பதம் பார்க்கும் சரக்கு அது. பியூட்டைல் தடிமன் என்பதால் ஊற்றுவதற்கு மட்டும்தான் சரிப்படும்.

கை அரிப்பு வருபவர்கள் ஆக்சிலரேட்டர் (ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கெமிக்கல்) இல்லாத நைட்ரைல் கேட்டு வாங்குங்கள். எங்கள் லேபில் ஒருவருக்கு அதை மாற்றிய பிறகுதான் அரிப்பு நின்றது.

லேமினேட்டில் ஸ்டோர்ஸ் வைத்திருப்பது பெரிய சைஸ் மட்டும். இங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் பெண்கள், அந்த க்ளவுஸ் அவர்கள் கையில் நிற்பதில்லை. 7-ஆம் சைஸுக்கு இண்டென்ட் போட்டிருக்கிறோம், இன்னும் வந்தபாடில்லை.