ஒரு கல்யாணத்துக்கு எத்தனை ஜிபி?

கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். இரவு பத்து மணிக்கு மேல் அதே கணினியில் விளையாட்டு. லேப்டாப் வாங்கப் போகும் அக்கா மகன், "சேமிப்பிடம் 512 ஜிபி போதுமா மாமா, 1 டிபியா, 2 டிபியா?" என்று கேட்டான். முகூர்த்த மாதங்களில் எடிட்டிங்கில் எனக்குக் கைகொடுப்பவன். விளையாட்டுப் பித்தும் உண்டு.

512 ஜிபி என்று வாங்கினால் விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. விண்டோஸுக்கும் மென்பொருள்களுக்கும் ஒரு 100 ஒதுக்குங்கள். விளையாட்டுகளில் பால்டர்ஸ் கேட் 3-க்கு 150, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு 150. மீதி 76. லேப்டாப்புக்குள் இருக்கும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பினால் எழுதும் வேகம் விழுந்துவிடும் என்பதால் அந்த 76-ஐயும் தொடக் கூடாது. வேலோரன்ட் போல இடம் அதிகம் பிடிக்காத விளையாட்டு மட்டும் ஆடுகிறவர் தாராளமாக 512 வாங்கலாம். இவனுக்கு ஆகாது.

அப்படியானால் 2 டிபியா, அதாவது 2000 ஜிபியா? எங்கள் கணக்கு இது: 4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. முந்தின நாள் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம், இரண்டு கேமரா, இரண்டு நாளும் சேர்த்து ஒவ்வொரு கேமராவிலும் நான்கு மணி நேரம்: 360 ஜிபி. 2 டிபியில் ஒரு விளையாட்டுகூட ஏற்றாமல், விண்டோஸுக்கும் காலி இடத்துக்கும் விட்டதுபோக நான்கு கல்யாணம் தங்கும். ஆவணியில் அது இரண்டு வாரத்துக்குக்கூட வராது. ஆக, எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் முடிந்த வேலையை வெளியேற்றித்தான் ஆக வேண்டும்.

விளையாட்டு அழிந்தால் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் 150 ஜிபிக்கு ஏழு மணி நேரம் பிடிக்கும், தூங்கி எழுவதற்குள் வந்துவிடும். தாலி கட்டியதை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? அதனால் ஒரே 2 டிபி எஸ்எஸ்டியை விட, 1 டிபி எஸ்எஸ்டியும் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கும் மேல் என்பது என் கட்சி. ஒரே கல்யாணம் இரண்டு டிஸ்க்கிலும் இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் மெதுவானதுதான், ஆனால் விநாடிக்கு 120 எம்பி கிடைத்தாலே 360 ஜிபி ஐம்பது நிமிடத்தில் போய்விடும், சாப்பிட்டுவிட்டு வரலாம். எடிட்டிங்கும் விளையாட்டும் எஸ்எஸ்டியில்தான் நடக்க வேண்டும்.

அளவை மட்டும் பார்த்து ஒரு செல்லில் நான்கு பிட் திணிக்கும் மலிவான க்யூஎல்சி வகை எஸ்எஸ்டியை எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்து நொந்தேன். முதல் சில பத்து ஜிபி பறக்கும். உள்ளே இருக்கும் வேகமான தற்காலிகப் பகுதி நிறைந்ததும் ஹார்ட் டிஸ்க்கை விட மெதுவாக நகரும். எஸ்எஸ்டி நிறைய நிறைய அந்தப் பகுதியும் சுருங்கும். மண்டபத்தில் கேமரா கார்டைக் காலி செய்துவிட்டு அடுத்த சடங்குக்கு ஓட வேண்டிய நேரத்தில், காப்பி ஆவதைக் காட்டும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சியா என்று கேட்டு வாங்குங்கள்.

எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் ஒன்றே ஒன்று உள்ள லேப்டாப் என்றால் நானும் 2 டிபி பக்கம் சாய்வேன். பிறகு மாற்றுவதென்றால் பழையதைக் கழற்றி விண்டோஸையும் பெயர்க்க வேண்டும். இவன் பார்த்து வைத்ததில் இரண்டு ஸ்லாட். 1 டிபி போதும் என்றேன். இரண்டாவது ஸ்லாட்டுக்கு வேண்டியதை, கையில் காசு சேர்ந்ததும் பெங்களூரின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கிக்கொள்ளட்டும்.