ஃபோலினிக் அமிலம் கேட்டால் ஃபோலிக் அமிலம் கொடுக்காத மருந்துக்கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில், பெரிய சாலைக்குப் பின்புறமுள்ள கடைவரிசையில் இருக்கும் ஒரு மருந்தகத்தைப் பற்றிய மதிப்புரை இது. குறைகளையும் சொல்லப் போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். தைலத்துக்கும் இருமல் மருந்துக்கும் போகிறவர்களுக்கு இந்தக் கடை மற்றக் கடைகளைப் போன்றதுதான். விலையிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மூளைக்கு ஃபோலேட் போய்ச் சேராத நோயுள்ள குழந்தைக்கு மாதந்தோறும் மருந்து வாங்க வேண்டிய குடும்பத்துக்குத்தான் இதன் அருமை தெரியும். என் பேத்திக்கு அந்த நோய் இருக்கிறது.

நோயைச் சற்று விளக்காமல் கடையின் சிறப்பைச் சொல்ல இயலாது. நாம் உண்ணும் கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேட் என்ற பி வைட்டமின், உடலில் மாற்றம் பெற்று இரத்தத்தில் ஓடுகிறது. மூளைக்குள் இருக்கும் கோராய்டு பின்னல் என்ற பகுதியிலுள்ள ஏற்பிகள் அதைப் பற்றியெடுத்து, மூளையைச் சூழ்ந்துள்ள தண்டுவட நீருக்குள் அனுப்புகின்றன. இந்த வழி அடைபட்டுவிட்டால் இரத்தத்தில் ஃபோலேட் நிறைந்திருந்தும் மூளை பட்டினி கிடக்கும். இரத்தப் பரிசோதனை 'எல்லாம் சரி' என்று காட்டுவதும், முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்துச் சோதித்தால்தான் குறைபாடு உறுதிப்படுவதும் இதனால்தான். வின்சென்ட் ராமேக்கர்ஸ், நெனாட் பிளாவ் ஆகிய இரு மருத்துவ ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில்தான் 'மூளை ஃபோலேட் குறைபாடு' எனப்படும் இந்நோயின் இயல்பை விரிவாகத் தொகுத்து எழுதினார்கள். ஆகவே அனுபவமுள்ள மருத்துவர்களிலும் பலருக்கு இது புதிய பெயராக இருப்பதில் வியப்பில்லை.

நான்கு முதல் ஆறு மாதம் வரை இயல்பாக வளர்ந்து வரும் குழந்தை, அதன்பிறகு காரணம் தெரியாமல் அழுவது, தூக்கம் குறைவது, தலையின் வளர்ச்சி மந்தப்படுவது, உடல் தளர்வது என்று ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கும். நடக்கும் வயதில் தள்ளாடும். சில குழந்தைகளுக்கு வலிப்பும் வரும். கவனிக்காமல் விட்டால் மூன்று வயதுக்குப் பின் பார்வையும், ஆறு வயதுக்குப் பின் கேட்கும் திறனும் பாதிக்கப்படலாம். எங்கள் தோட்டத்துப் பக்கத்தில் இந்த அறிகுறிகளுக்கு முதலில் தாயத்துக் கட்டுவார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் கட்டிய கையோடு கிளினிக்குக்கும் போய்விட வேண்டும். காரணங்கள் ஒன்றல்ல. ஏற்பியை உருவாக்கும் மரபணுவிலேயே பிழை இருக்கக்கூடும் என்பது 2009ஆம் ஆண்டில் தெரிய வந்தது. அவ்வகைக் குழந்தைகளுக்கு அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டித்தான் தலைகாட்டும். உடலே அந்த ஏற்பிக்கு எதிராக எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி அதை அடைத்துவிடுவது இன்னொரு காரணம். இதை 2005ஆம் ஆண்டு ஆய்வு வெளிப்படுத்தியது. என் பேத்தியின் நோய் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இதற்குரிய மருந்து ஃபோலினிக் அமிலம், அதாவது கால்சியம் ஃபோலினேட் மாத்திரை. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் ஃபோலிக் அமிலம் வேறு, இது வேறு. வேறோர் ஊரிலுள்ள ஒரு கடையில் மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒன்னுதான் சார், இது மலிவு" என்று சொல்லி மஞ்சள் ஃபோலிக் அமில மாத்திரையை எடுத்து நீட்டினார்கள். அது ஒன்றல்ல. ஃபோலிக் அமிலம் அந்த ஏற்பியை இறுகப் பற்றிக்கொண்டு, ஏற்கெனவே குறுகியிருக்கும் வழியில் உரிய ஃபோலேட்டுக்குப் போட்டியாக நின்றுவிடும். ஃபோலினிக் அமிலமோ, போதிய அளவில் கொடுத்தால், அடைபட்ட ஏற்பியை நம்பாமல் வேறொரு கடத்தி வழியாக மூளைக்குள் நுழைகிறது. மலிவு என்று நீட்டிய மாத்திரை குழந்தைக்குப் பயன்படாமல் போவதோடு தீங்காகவும் முடியலாம்.

சுங்கை சிப்புட் கடையில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்குள்ள மருந்தாளர் ஓர் இளம்பெண். சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். மருந்தை எடுக்கப் போகவில்லை. என் மருமகளைப் பார்த்து, "அக்கா, பிள்ளையோட எடை என்ன? வலிப்புக்கு ஏதாவது மருந்து கொடுக்கிறீங்களா?" என்று கேட்டார். இரண்டாவது கேள்வியின் காரணம் பிறகு விளங்கியது. ஃபினோபார்பிட்டல், ஃபெனிட்டாய்ன் போன்ற வலிப்பு மருந்துகளின் வலிமையை ஃபோலினிக் அமிலம் குறைத்துவிடக்கூடும். அப்படிக் குறைந்தால் அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் தலைதூக்கலாம். பேத்திக்கு அப்படிப்பட்ட மருந்து எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும், சிறப்பு மருத்துவரின் கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசி அளவை உறுதிசெய்துகொண்டுதான் மருந்துக்குச் சொல்லிவைத்தார்.

மருந்து வந்த அன்று அவர் காட்டிய பொறுமையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும், சுகாதார அமைச்சின் ஹாலோகிராம் ஒட்டியும் எங்கே இருக்கின்றன என்று விரல் வைத்துக் காட்டினார். மாத்திரை 15 மில்லிகிராம். அதை வெட்டுவதற்கென்று இருக்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து இரண்டாக்கி, பாதியை இரண்டு கரண்டிகளுக்கிடையே நசுக்கி, வாழைப்பழக் கூழில் எப்படிக் கலப்பது என்று செய்தே காட்டினார். ஏன் ஒரே வேளையில் கொடுக்காமல் காலை மாலை என்று பிரிக்க வேண்டும் என்று நான் கேட்டேன். இம்மருந்து 25 மில்லிகிராம் அளவில் ஏறத்தாழ முழுமையாக, அதாவது 97 விழுக்காடு, உடலில் சேர்கிறது. 50 மில்லிகிராமில் அது 75 விழுக்காடாகவும், 100 மில்லிகிராமில் 37 விழுக்காடாகவும் இறங்கிவிடுகிறது என்று விளக்கினார். சிறு குழந்தைக்கு இப்போதைய அளவில் அந்தச் சிக்கல் எழாது என்றாலும், பிள்ளை வளர்ந்து அளவு கூடும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும் என்றார். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் என்பது வழக்கமான தொடக்க அளவு. அதற்கு மேல் போவது சிறப்பு மருத்துவரின் முடிவு. தொடக்கத்தில் பிள்ளைக்குத் தூக்கம் கெடலாம், எரிச்சல் கூடலாம் என்றும் எச்சரித்தார். எரிச்சல் உண்மையிலேயே கூடியது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் பயந்து மருந்தை நிறுத்தவில்லை.

பால் விஷயத்திலும் இக்கடையின் உதவி பெரிது. பசும்பாலிலுள்ள ஃபோலேட் ஏற்பிப் புரதம் மனித ஏற்பியை மிகவும் ஒத்திருப்பதால், எதிர்ப்புப் பொருள் உள்ள குழந்தைகளுக்குப் பாலை நிறுத்தினால் அந்த எதிர்ப்புப் பொருளின் அளவு குறைவதாக 2008ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. எங்கள் மருத்துவரும் பாலை நிறுத்தச் சொல்லியிருந்தார். கிண்ணத்துப் பாலை நிறுத்துவது எளிது. மைலோவிலும் பிஸ்கட்டிலும் உள்ள பால்மாவை யார் நினைக்கிறார்கள்? பொட்டலத்தின் பின்புறம் 'சுசு', அதாவது பால், என்று மலாயில் எழுதியிருக்கும் இடங்களைத் தேடிப் படிக்கும்படி மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்த மருந்தாளரே. ஆட்டுப்பால் மாற்றாகாது என்பதையும், கடையில் விற்கும் மிட்டாய் வடிவ வைட்டமின்களில் ஃபோலிக் அமிலம் இருக்கும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம். பாலில்லாமல் போகும் சுண்ணாம்புச் சத்துக்கு உணவியல் நிபுணரைப் பார்க்கச் சொன்னாரே தவிர, தம் அலமாரியிலிருந்த கால்சியம் புட்டியை எங்கள் தலையில் கட்டவில்லை. அச்சடித்த மருந்துச் சீட்டு மலாயில் இருந்ததால், அதன் ஓரத்தில் நீலப் பேனாவால் 'பாலில் கலக்க வேண்டாம்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தார்.

2025 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், அங்கே லியூக்கோவோரின் என்று அழைக்கப்படும் இதே மருந்தை மூளை ஃபோலேட் குறைபாட்டுக்கு அங்கீகரிக்க நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தது. அச்செய்தி ஆட்டிசத்தோடு சேர்த்துப் பேசப்பட்டதால், வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி மருந்து கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். நான் நிற்கும்போதே ஒரு தகப்பனார் வந்து, பணம் எவ்வளவானாலும் தருகிறேன் என்றார். மருத்துவர் சீட்டு இல்லாமல் தர இயலாது, ஆட்டிசம் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தக் குறைபாடு இருப்பதில்லை என்று மருந்தாளர் மரியாதையோடு சொல்லி, குழந்தை நல மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தனுப்பினார். வியாபாரம் போனதைப் பற்றி அவர் முகத்தில் எந்த வருத்தமும் தெரியவில்லை.

இனி குறைகள். இம்மருந்து கடையில் எப்போதும் இருப்பதில்லை. சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும், பண்டிகைக் காலத்தில் தாமதமாகிறது. விலையைப் பணம் கட்டும்போதுதான் சொல்கிறார்கள். தோட்டத்துச் சம்பளத்தில் மாதாமாதம் வாங்குகிறவர்களுக்கு அதை முன்பே சொல்வதே முறை. உட்கார நாற்காலி ஒன்றுகூட இல்லை, நிற்க இயலாத பிள்ளையை இடுப்பில் சுமந்தபடியே தாய்மார்கள் காத்திருக்கிறார்கள். அந்த மருந்தாளர் விடுப்பில் இருக்கும் நாளில் முகப்பில் நிற்கும் பையனுக்கு இவற்றில் எதுவும் தெரியாது, அவனிடம் சந்தேகம் கேட்பதில் பயனில்லை.

போக நினைப்பவர்கள் மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் சொல்லிவைத்து, அவர் கடையில் இருக்கும் நேரத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் சீட்டோடு, பிள்ளை உட்கொள்ளும் மற்ற மருந்துகளின் பட்டியலையும் அண்மையில் பார்த்த எடையையும் கொண்டு போங்கள். அவர் கேட்காமல் விடமாட்டார்.