பத்து வரை போகாத ரேஞ்ச்: பைத்தான் லூப்களோடு ஏழு வருடம்

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளைதான் லூப். பள்ளியில் பேசிக் என்ற நிரல்மொழியில்தான் அதைக் கற்றேன். அங்கே 'ஃபார் ஐ = 1 டு 10' என்று எழுதினால் பத்தும் சேர்ந்தே வரும். அந்தப் பழக்கத்தோடு பைத்தான் நிரல்மொழிக்கு வந்தேன். இங்கே லூப்புக்கு எண்களை வரிசையாகத் தருவது ரேஞ்ச். ரேஞ்ச்(1, 10) என்றால் 9-லேயே நின்றுவிடுகிறது. முதல் வருடம் முழுக்க இதில் இடறினேன். வருடக் கணக்கை மாதவாரியாகக் கூட்ட ரேஞ்ச்(1, 12) என்று எழுதி, டிசம்பரையே விட்டுவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, தொகைதான் குறைந்தது. ரசீதுகளை எடுத்துவைத்துக் கையால் கூட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

இன்று கேட்டால், பைத்தான் லூப்பில் எனக்கு மிகவும் பிடித்ததே இந்த விதிதான். ரேஞ்ச்(0, 5), அடுத்து ரேஞ்ச்(5, 10) என்று பிரித்தால் எந்த எண்ணும் இரண்டு முறை வராது, எதுவும் விடுபடாது. எத்தனை சுற்று ஓடும் என்று தெரிய, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் போதும். தொடக்க எண்ணைச் சேர்த்து முடிவு எண்ணை விடுவதே நல்லது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இல் ஒரு சிறு குறிப்பில் எழுதியிருக்கிறார். பெரிய கோப்பை ஆயிரம் ஆயிரம் வரியாக வெட்டிப் படிக்கிறவர்களுக்கு இதன் அருமை நன்றாகப் புரியும்.

மனத்தாங்கல் ஒன்று உண்டு. மதிப்புகளை வரிசையாக வைக்கும் லிஸ்ட்டில் லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து எதையாவது நீக்கினால் பைத்தான் வாய் திறப்பதில்லை. [2, 4, 6, 7] என்ற லிஸ்ட்டில் இரட்டை எண்களை நீக்கிப் பாருங்கள். 2 போனதும் 4 அந்த இடத்துக்கு நகரும், லூப்போ அடுத்த இடத்துக்குத் தாண்டிவிடும். கடைசியில் 4, 7 மிஞ்சும். பெயரும் மதிப்புமாக ஜோடி ஜோடியாக வைக்கும் டிக்ஷனரியில் இதே வேலையைச் செய்தால் பிழை காட்டி நிறுத்திவிடுகிறது. லிஸ்ட்டுக்கும் அந்தக் காவல் இருந்திருக்கலாம். வேண்டியதைப் புது லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்வதே இப்போது என் வழக்கம்.

மாலையில் பக்கத்து வீட்டு பிளஸ் டூ பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்குக் கணினி அறிவியலில் பைத்தான்தான். நிபந்தனை பொருந்தும்வரை ஓடும் வைல் லூப்பைத்தான் நான் முதலில் எடுப்பேன். தொடக்க மதிப்பு, நிபந்தனை, கூட்டல் மூன்றையும் அதில் தாமே எழுதியாக வேண்டும். ஃபார் லூப் இவற்றை மறைத்துவிடும். ஐ = ஐ + 1 வரியை மறந்தால் திரை முழுக்க 1, 1, 1 என்று ஓடும். கண்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தச் சொல்வேன். காரணத்தை மட்டும் சொல்ல மாட்டேன். நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஐ-யின் மதிப்பை எழுத வேண்டும். போன வாரம் ஒரு பெண் நான்காவது கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"அண்ணா, ஐ கூடவே இல்லையே!"

ஃபார் லூப்பை அடுத்த வாரம் ஆரம்பிக்கிறோம்.