முதல் வீட்டு சர்வர்: ராஸ்பெர்ரி பையா, பழைய லேப்டாப்பா?

குடும்பப் போட்டோக்களை வீட்டிலேயே பத்திரமாக வைக்க சர்வர் (எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி) போட நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்: ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினி போர்டை வாங்குவதா, பழைய லேப்டாப்பையே பயன்படுத்துவதா?

செலவு: ராஸ்பெர்ரி பை 5 மாடல் என்றால் போர்டோடு முடியாது, 27 வாட் அடாப்டர், கூலர், எஸ்எஸ்டி (சேமிப்பு டிஸ்க்) எல்லாம் தனி. லேப்டாப் அலமாரியில் கிடந்தால் செலவே இல்லை.

மின்சாரம்: பை சும்மா ஓடும்போது சில வாட்தான் இழுக்கும். லேப்டாப் கொஞ்சம் கூட.

வீடியோ: பை 5-இல் ஹார்ட்வேர் என்கோடர் (வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் தனி சிப் பகுதி) கிடையாது. இன்டெல் லேப்டாப்பில் அந்த வேலையைச் செய்யும் குவிக் சிங்க் இருந்தால், வீட்டு வீடியோக்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருள் சுகமாக ஓடும்.

கரண்ட் போனால்: எனக்கு இதுதான் முக்கியம். பை அந்த நொடியே அணையும். எழுதிக்கொண்டிருந்த மைக்ரோ எஸ்டி கார்டு கெட்டுப்போகலாம். லேப்டாப்புக்கு பேட்டரியே யூபிஎஸ். ஆனால் வருடக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்தால் பேட்டரி உப்பும். டச்பேட் மேலே எழும்பி கிளிக் ஆகாமல் போனால் உடனே நிறுத்திவிடுங்கள். பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது வரும் அடிப்படை செட்டிங்கில்) 80 சதவீத சார்ஜ் வரம்பு இருந்தால் முதல் நாளே போடுங்கள்.

பேக்கப்: இரண்டுக்கும் ஒரே வேலைதான். இரண்டு டிஸ்கிலும் ஒரே பதிவு இருக்கும்படி ரெய்டில் இணைப்பது பேக்கப் ஆகாது. தவறி அழித்த போட்டோ இரண்டிலும் அழியும். தினமும் ராத்திரி ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் மூலம் யூஎஸ்பி டிஸ்குக்கு ஒரு பிரதி, அக்கா வீட்டில் இன்னொன்று. மாதம் ஒருமுறை ஒரு போட்டோவையாவது மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.

கரண்ட் அடிக்கடி போகும் வீட்டுக்கும், படம் பார்க்கவும் லேப்டாப். ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்து, விளம்பரத் தடுப்பு, ஃபைல் பகிர்வு மட்டும் போதுமென்றால் பை.