வெட்டா, பிடித்தமா? மெடிகேரின் இரண்டு வழிகள்

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மருத்துவமனைகளின் தரத்தைக் காசைக் காட்டி உயர்த்தப் பார்க்கிறது. அதற்கான இரண்டு திட்டங்களும் 2012 அக்டோபரில் தொடங்கியவை.

முதலாவது, நேரடி வெட்டு. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா போன்ற சில நோய்களுக்குச் சிகிச்சை முடிந்து வீடு போனவர்கள் 30 நாளுக்குள் திரும்பி வருவது எதிர்பார்த்த அளவைத் தாண்டினால் அபராதம். உச்சவரம்பு 3 சதவீதம்தான். ஆனால் அந்த நோயாளிகளுக்கான தொகையில் மட்டும் கை வைப்பதில்லை. மெடிகேர் உள்நோயாளிகள் அத்தனை பேருக்கான அடிப்படைக் கட்டணத்திலும் வெட்டு விழும். நன்றாகச் செய்தால்? பரிசு ஒன்றும் கிடையாது.

இரண்டாவதில் அதே அடிப்படைக் கட்டணத்தில் 2 சதவீதத்தை முன்கூட்டியே பிடித்துவைத்து, மதிப்பெண்ணைப் பார்த்துத் திருப்பித் தருகிறார்கள். போட்டதைவிடக் கூடுதலாகவும் வரலாம். இறப்பு, தொற்று, செலவு, நோயாளியின் அனுபவம் எல்லாம் கணக்கில் சேரும். முந்தைய ஆண்டுகளைவிட முன்னேறியிருந்தாலும் மதிப்பெண் உண்டு.

நியாயம் இரண்டாவதில்தான் அதிகம் என்பேன். ஆனால் இத்தனை அளவுகோல்களில் எதைத் திருத்துவது என்று நிர்வாகம் திணறும். வெட்டு அப்படியில்லை: வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைப் பட்டியலைச் சரிபார், இரண்டு நாள் கழித்து போன் போடு என்று வேலை உடனே தெளிவாகிவிடும். அதில் ஓட்டையும் உண்டு. திரும்பி வந்தவரைக் 'கண்காணிப்பில்' படுக்கவைத்தால் அவர் புறநோயாளி. மறுசேர்க்கைக் கணக்கில் வரமாட்டார்!

ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனைகளே வெட்டில் கூடுதலாக அடிபட்டன. 2019 நிதியாண்டிலிருந்துதான் அவற்றைத் தம்மையொத்த மருத்துவமனைகளோடு ஒப்பிடுகிறார்கள்.