கில்ட்டுக்கு எந்தத் தொப்பி: கிளெங்காரியோடு சில வருடங்கள்

ஸ்காட்லாந்தின் இன்வெர்னெஸில் ஒரு கல்யாணத்துக்குக் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை) எடுத்தாகிவிட்டது, தலைக்கு என்ன போடலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கிளாஸ்கோ பக்கம் பேக்பைப் ஊதி டிரம் அடிக்கிற ஒரு சின்ன பைப் பேண்டில் ஸ்னேர் டிரம் வாசிக்கிறேன், அதனால் என்னிடம் கேட்டார். அவர் கேட்ட வாரத்தில்தான் பேண்டில் நான் போடும் கிளெங்காரி என்கிற கம்பளித் தொப்பியின் பின்பக்கத் தையல் பிரிந்து, கடையில் கொடுத்துத் தைத்து வாங்கியிருந்தேன். பதில் கொஞ்சம் சூடாக வந்தால் அதுதான் காரணம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கில்ட்டோடு கிளெங்காரி சேர்கிற மாதிரி வேறு எந்தத் தொப்பியும் சேராது. இடுப்பைச் சுற்றி எட்டு கஜம் கம்பளி மடிப்பு மடிப்பாக அகன்று நிற்கிறது. அதற்கு மேலே ஒல்லியாக, முன்னும் பின்னும் கூராக ஒன்று இருந்தால்தான் ஆள் நிமிர்ந்து தெரிகிறார். வலப்பக்கம் லேசாகச் சாய்த்து, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே விளிம்பு வருகிற மாதிரி வைத்தால் யாருக்கும் எடுப்பாக இருக்கும். கழற்றினால் தட்டையாக மடிந்துவிடும், பெல்ட்டில் செருகிக்கொள்ளலாம். கம்பளியும் தரமானது. எத்தனையோ மழையைப் பார்த்தும் என்னுடையது வடிவம் குலையவில்லை.

வரலாறும் இதற்கு உண்டு. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது கிளெங்காரி என்ற இடத்தின் குலத்தலைவர் மெக்டொனல் போட்டு வந்த தொப்பி என்பார்கள். அப்புறம் ராணுவம் எடுத்துக்கொண்டது. சில ரெஜிமென்ட்டுகளின் கிளெங்காரியில் விளிம்பைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் ஓடும். கிளாஸ்கோ போலீஸ் தலைவராக இருந்த பெர்சி சிலிட்டோ 1930களில் தன் போலீஸ்காரர்களின் தொப்பிக்குக் கட்டப் பட்டி கொண்டுவந்தது இந்த வழியில்தான். இன்று ஆஸ்திரேலியா வரை போலீஸ் தொப்பியில் அந்தக் கட்டத்தைப் பார்க்கலாம்.

இனி ரிப்பன் விஷயம்.

பின்னால் இரண்டு கறுப்பு ரிப்பன்கள் தொங்கும். பழைய காலத்தில் தொப்பியைத் தலைக்கு ஏற்ப இறுக்கிக் கட்ட வைத்த நாடா அது. என் தொப்பியில் அது எதையும் இறுக்குவதில்லை. விளிம்புத் தோலோடு சேர்த்துத் தைத்து, சும்மா தொங்கவிட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் பார்க்க அழகுதான். திறந்த மைதானத்தில் மேற்குக் கரைக் காற்று அடிக்கும்போது அது காதைச் சுற்றும், கன்னத்தில் அறையும், வாயோரம் வந்து ஒட்டிக்கொள்ளும். போட்டியில் வாசிக்கும்போது இரண்டு கையிலும் குச்சி, எதிரே நடுவர் குறிப்பெடுத்துக்கொண்டு நிற்கிறார். வாசித்து முடிக்கிற வரை ஒன்றும் செய்ய முடியாது. மழை பெய்தால் இன்னும் மோசம். நனைந்த ரிப்பன் பிடரியில் ஒட்டி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் காலருக்குள் இறக்கும். காற்று இழுத்து இழுத்துத்தான் தையலும் விட்டது. வாங்கிய இடத்துக்கு எழுதினேன். ‘இது சகஜம்’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. சகஜம் என்றால் இன்னும் நாலு தையல் கூடுதலாகப் போட்டு விற்க வேண்டியதுதானே!

முன்னால் நெற்றியை மறைக்கும் மடல் இல்லாததால் மழை நேராகக் கண்ணில் விழுகிறது. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன், அந்த வடிவமே அப்படி. ரிப்பன் அப்படியல்ல. கொஞ்சம் யோசித்தால் சரிசெய்துவிடலாம்.

மலைப்பக்கம் நடக்கப் போகும்போது போட என்னிடம் பால்மோரல் என்கிற இன்னொரு தொப்பியும் இருக்கிறது. வட்டமாக, தட்டையாக, உச்சியில் டூரி என்கிற சிவப்புக் கம்பளிக் குஞ்சத்தோடு இருக்கும். ஸ்டூவர்டன், கில்மார்னக் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பானெட் என்கிற கம்பளித் தொப்பியின் வாரிசு இது. பெரிதாகப் பின்னி, தண்ணீரில் அடித்துச் சுருக்கிக் கெட்டியாக்குவார்கள். அதனால் தூறல் உள்ளே இறங்காது. இதிலும் ரிப்பன் உண்டு, ஆனால் பட்டிக்குள் ஓடுகிறது. இழுத்து இறுக்கி, பின்னால் பூ முடிச்சுப் போட்டுவிட்டால் அதன் வேலை முடிந்தது, காற்றில் அலையாது. எடுப்பு மட்டும் கிளெங்காரி அளவுக்கு இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் தலை அகன்று தெரியும்.

டாம் ஓ ஷாண்டர் என்கிற தொப்பி இன்னும் தொளதொளப்பு. முரட்டு ஸ்வெட்டருக்குப் பொருந்தும், வெள்ளிப் பொத்தான் வைத்த கல்யாணக் கோட்டுக்குப் பொருந்தாது. தீக்கோழி இறகு வைத்த உயரத் தொப்பி பேண்டில் முன்னால் நடப்பவர்களுக்கு, விருந்தாளிகளுக்கு இல்லை.

பேட்ஜில் கவனம் வேண்டும். இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே, பூப்போல மடித்துத் தைத்த ரிப்பனின் நடுவில் குத்துவது அது. வாரும் பக்கிளும் சுற்றிய முத்திரை ஒரு ஸ்காட்லாந்துக் குலத்துடையது, அந்தக் குலத்தைச் சேர்ந்தவர்கள் தங்கள் தலைவருக்குக் காட்டும் விசுவாசம். நம்மைப் போன்றவர்கள் கடையில் அழகாக இருக்கிறதே என்று எடுத்துக் குத்தினால் தெரிந்தவர்களுக்கு உறுத்தும். கழுகு இறகைத் தொடவே கூடாது. மூன்று இறகு குலத்தலைவருக்கு, இரண்டு அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவர்களுக்கு, ஒன்று முறைப்படி சின்னம் பெற்றவருக்கு. ஸ்காட்லாந்தின் சின்னமான திஸில் முட்செடிப் பூ போட்ட சாதாரண பேட்ஜ் போதும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே நண்பரே, இவ்வளவு புகழ்ந்த கிளெங்காரியை வாங்காதீர்கள், பால்மோரலே வாங்குங்கள். நான் ஆகஸ்டில் பைப் பேண்ட் போட்டிக்காகக் கிளாஸ்கோ கிரீன் மைதானத்துக்குக் கிளெங்காரியோடுதான் போவேன், எங்கள் பேண்டின் சீருடை அது. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தலைச் சுற்றளவை டேப்பால் அளந்து கடையில் சென்டிமீட்டரில் சொல்லுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள், பால்மோரலை இறுக்கிக்கொள்ளலாம். சர்ச்சுக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள். நனைந்துவிட்டால் ஹீட்டர் மேல் வைக்காமல் ஒரு கிண்ணத்தின் மேல் கவிழ்த்துக் காயவிடுங்கள், சூடு பட்டால் கம்பளி சுருங்கிவிடும்.