ஒத்த குணமா, எதிர்க் குணமா: ஜோடி சேருவது எதனால்?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரே பந்தியில் இரண்டு கட்சி இருக்கும். "ரெண்டும் ஒரே மாதிரி, அதான் ஒட்டிக்கிச்சு" என்பார் பெரியம்மா. "அவன் வாயத் திறக்க மாட்டான், இவ மூட மாட்டா, அதான் பொருந்துது" என்பார் பக்கத்து இலை அக்கா. நான் பெரியம்மா கட்சி. ஆனால் எதில் ஒத்துப்போக வேண்டும் என்பதில்தான் நம் பெரியவர்களோடு எனக்குச் சண்டை.

அக்கா சொல்வதற்கும் ஆதரவு இருந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வின்ச் 1950களில் 25 தம்பதிகளை ஆராய்ந்து, ஒருவரிடம் இல்லாததை இன்னொருவர் நிரப்புவதால்தான் ஜோடி சேருகிறது என்றார், அதாவது அதிகாரம் செய்கிறவருக்கு அடங்கிப் போகிறவர். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னால் வந்தவர்கள் சோதித்தபோது பெரும்பாலும் அது நிற்கவில்லை.

பெரியம்மா பக்கம் சான்று கனமானது. 2023இல் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் பழைய ஆய்வுகளைத் தொகுத்ததோடு பிரிட்டனில் கிட்டத்தட்ட 80,000 ஜோடிகளின் விவரங்களையும் அலசினார்கள். அரசியல் கருத்து, மத நம்பிக்கை, படிப்பு, குடி, புகை இதிலெல்லாம் ஜோடிகள் நன்றாகவே ஒத்திருந்தார்கள். கலகலப்பு, கூச்சம் போன்ற சுபாவத்தில் ஒற்றுமை மிகக் குறைவு, ஏறக்குறைய குருட்டாம்போக்குதான். ஆக அந்த அக்கா பார்த்தது பொய்யில்லை, வாயாடியும் ஊமையும் சேரத்தான் செய்கிறார்கள், ஆனால் அவர்களைச் சேர்த்தது அந்த வித்தியாசம் இல்லை.

சரி, ஒத்திருப்பவர்களைத் தேடித்தான் போகிறோமா, இல்லை கண்ணில் படுகிறவர்களே நம்மைப் போன்றவர்களா? 1930களின் தொடக்கத்தில் சமூகவியலாளர் ஜேம்ஸ் பொசார்ட் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 5,000 திருமண உரிமங்களைப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள் ஐந்து தெருவுக்குள்ளேயே குடியிருந்தவர்கள். ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதே இல்லை: ஒரே லயத்து வரிசை வீடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பெரட்டு, ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே மாரியம்மன் திருவிழா, வேறு யாரைப் பார்த்திருக்க முடியும்? பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் வேலைக்குப் போன பிறகுதான் கெடாவில் பிறந்த பெண்ணும் பேராக் பையனும் ஒரே பேக்டரி பஸ்ஸில் பழகினார்கள்.

இந்த இடத்தில்தான் பெரியவர்கள் ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டு ஜாதியையும் சொந்தத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சொந்தத்துக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது, மலேசியாவின் 1976 திருமணச் சட்டம் தாய்மாமன் அக்காள் மகளை மணப்பதை இந்து வழக்கப்படி அனுமதிக்கிறது. இருக்கட்டும். ஆனால் ஒரே ஜாதியில் பிறந்த இருவரில் ஒருவர் தினமும் குடிக்கிறவர், இன்னொருவருக்கு அந்த வாடையே ஆகாது என்றால் அதில் என்ன ஒற்றுமை? ஜாதி வேறு என்பதற்காக நல்ல ஜோடிகளைப் பிரிக்கிறார்களே, அதை என்னால் ஏற்கவே முடியாது.

இன்னொன்று. 2008இல் உளவியலாளர் மொண்டோயாவும் சகாக்களும் 313 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். புதிதாகச் சந்திப்பவர்களிடம் உண்மையான ஒற்றுமை ஈர்ப்பைக் கூட்டியது, ஆனால் ஏற்கெனவே உறவில் இருப்பவர்களிடம் அதன் பலம் காணாமல் போனது. "இவர் என்னைப் போலத்தான்" என்ற எண்ணம் மட்டும் அங்கேயும் வேலை செய்தது. அந்த எண்ணம் சும்மா வராது, பேசிப் பழகித்தான் வரும் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் பெண் பார்க்கப் போகிறவர்களும் சரி, தாங்களே பார்த்துக்கொண்டவர்களும் சரி, பையன் கலகலப்பா, பெண் அமைதியா என்று விசாரிப்பதை விட்டுவிடுங்கள். குடிப்பாரா, சம்பளம் வந்ததும் காசு எங்கே போகும், கடைசிக் காலத்தில் அப்பா அம்மா யாரோடு இருப்பார்கள், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் போடுவார்களா சீனப்பள்ளியிலா, இதைக் கேளுங்கள். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள், சபையில் வைத்துக் கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்.